மகள் காலேஜில் கணக்கு எடுத்திருக்கிறாளா?

"அம்மா, நாளையிலேர்ந்து நான் காலேஜுக்குப் போகல!"

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மகள், தோள் பையைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்ன வார்த்தை இது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. என் வயிற்றிலும்தான்!

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பெண். "பி.எஸ்ஸி. கணிதம்தான் படிப்பேன், டீச்சர் ஆவேன்" என்று அடம்பிடித்துச் சேர்ந்தவள். சேர்ந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. முதல் இன்டர்னல் டெஸ்ட் பேப்பரை நீட்டினாள். ஐம்பதுக்குப் பதினொன்று!

"நீ சரியாப் படிக்கலையா?" என்று கேட்க வாய் வந்துவிட்டது. நல்லவேளை, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் மாமியார் முந்திக்கொண்டார்.

"திட்டாதே. பாவு பிணைக்காம தறியில உட்கார வச்சிருக்காங்க போலிருக்கு. போய் விசாரிச்சுட்டு வா" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் தறி வீட்டில் இருந்தவர் அவர். எங்கள் காஞ்சிபுரத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய இழைகளின் நுனிகளைத் தறியிலேயே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! அதைப் பொறுமையாகச் செய்தால்தான் புதுப் பாவு ஒழுங்காக ஓடும். அவசரப்பட்டு நாலு இழையை விட்டால் சேலை முழுக்க அந்தக் குறை தெரியும்.

மறுநாள் நான் காலேஜுக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்ட விஷயங்கள் கல்லூரிக்குப் பெண்ணையோ பிள்ளையையோ அனுப்பும் ஒவ்வொரு தாய்க்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாடத்துக்கும் ஒரு பட்ஜெட்

கணிதத் துறைத் தலைவி நல்ல மனுஷி. எதிரில் உட்காரச் சொல்லி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒரு பாடத்தை எந்த வாரம் எவ்வளவு நடத்துவது என்ற திட்டம் அது. பார்த்ததும், 'அட, நம் வீட்டு மாத பட்ஜெட் மாதிரியே இருக்கிறதே!' என்று தோன்றிவிட்டது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாட்கள். ஒவ்வொரு தாளுக்கும் 5 அலகுகள். ஆறு நாள் கொண்ட கால அட்டவணை 15 முறை சுற்றி வரும். ஒரு தாளுக்கு ஒரு சுற்றில் 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 75 மணி நேரம். ஒரு அலகுக்குப் 15 மணி.

இது காகிதக் கணக்கு. டெஸ்ட், கல்லூரி விழா, மழை விடுமுறை என்று ஒரு பத்து மணி நேரம் கரைந்துவிடும். ஆக, கைக்கு வருவது அலகுக்கு 13 மணிதான்.

இங்கேதான் தவறு நடக்கிறது. முதல் அலகை ஆற அமர 20 மணி நேரம் நடத்திவிட்டு, கடைசி அலகை நாலைந்து மணியில் ஓட்டிவிடுவது. சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே தாராளமாகச் செலவு செய்துவிட்டு, கடைசி வாரம் ரசமும் அப்பளமுமாகச் சமாளிக்கிறோமே, அதே கதைதான்! ஆனால் பல்கலைக்கழகப் பரீட்சை ஐந்து அலகுகளிலிருந்தும் கேள்வி கேட்கும். பல இடங்களில் 100 மதிப்பெண்ணில் 25 கல்லூரிக்குள், 75 அந்தப் பரீட்சையில்.

விட்டுப்போன பாலம்

"இதெல்லாம் சரி மேடம். நல்லாப் படிச்ச பொண்ணு ஏன் இப்படித் தடுமாறுது?" என்று கேட்டேன்.

அதற்கும் பதில் இருந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24க்காகத் தந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், பி.எஸ்ஸி. கணிதத்தின் முதல் செமஸ்டரில் 'பிரிட்ஜ் மேதமேடிக்ஸ்' என்று ஒரு தாளே இருக்கிறது. பிரிட்ஜ் என்றால் பாலம். பள்ளிக்கூடத்தையும் கல்லூரியையும் இணைக்கிற பாலம். ஈருறுப்புத் தேற்றம், தொடர்கள், வரிசை மாற்றமும் சேர்மானமும், முக்கோணவியல், நுண்கணிதம் என்று பள்ளியில் படித்ததையே எடுத்து மறுபடி உறுதிப்படுத்துவதற்கான தாள். வாரம் 2 மணி நேரம்தான். என் மாமியார் சொன்ன பாவு பிணைப்பு இதுவேதான்!

மகளின் கல்லூரியில் அந்த இரண்டு மணி நேரத்தையும், 'இது தெரிந்ததுதானே' என்று, வேறு தாளின் போர்ஷனை முடிக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். கேட்டதும் துறைத் தலைவி மறைக்காமல் ஒப்புக்கொண்டார். "முப்பது பேருக்கு மேல ஃபெயில். எங்க திட்டத்துலதான் ஓட்டை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. முந்தின நாள் மகளைத் திட்டாமல் விட்டது எவ்வளவு நல்லது!

எவ்வளவு? ஏன்?

பள்ளிக் கணக்குக்கும் கல்லூரிக் கணக்குக்கும் வித்தியாசம் என்ன? அவர் சொன்ன விளக்கத்தை நம் கோலத்தை வைத்தே சொல்கிறேன்.

ஏழு புள்ளி, நடுவில் ஏழு, இருபுறமும் ஒன்றில் முடியும் கோலம் போடுகிறீர்கள். 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி? கூட்டினால் 25. 'எவ்வளவு' என்று கேட்டு விடை வாங்குவது பள்ளிக் கணக்கு.

இப்போது கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 1, 3, 5, 7 கூட்டினால் 16, அதாவது நாலு நாலு. மீதி 5, 3, 1 கூட்டினால் 9, அதாவது மூன்று மூன்று. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் இப்படி ஒரு சதுரம்தான் வருமா? ஏன் வருகிறது?

வாசலில் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மூலையுமாக மூன்று புள்ளி சேருங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரம் வந்துவிட்டது. அதையே சுற்றி இன்னும் ஐந்து வையுங்கள். மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி நீளுவதால், முன்னதைவிட இரண்டு புள்ளி அதிகம் தேவைப்படுகிறது. எத்தனை முறை செய்தாலும் சதுரம்தான்! இப்படி 'ஏன்' என்பதற்குக் காரணம் காட்டுவதுதான் நிரூபணம். கல்லூரிக் கணக்கின் உயிர் அதில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டுப் பழகிய குழந்தையிடம் திடீரென்று 'ஏன்' என்று கேட்டால் திகைக்கத்தான் செய்யும். தமிழில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் வேறு! 'லிமிட்' என்றால் தான் படித்த எல்லைதான், 'டெரிவேட்டிவ்' என்றால் வகைக்கெழுதான், 'மேட்ரிக்ஸ்' என்றால் அணிதான் என்று பிடிபடவே ஒரு மாதம் ஆகிவிடுகிறது.

காஞ்சியில் வளர்ந்த ஒரு குழந்தை

கல்லூரி முதல் வகுப்பில் தடுமாறுவது ஒன்றும் அவமானமில்லை. கணித மேதை ராமானுஜனே தடுமாறியவர்தான்!

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த அவர், சின்னக் குழந்தையாக இருந்தபோது தாயார் கோமளத்தம்மாளுடன் நம் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் சில காலம் இருந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாத்தாவுக்கு வேலை போனதும் தாயும் பிள்ளையும் கும்பகோணம் திரும்பினார்கள். அங்கே பள்ளியில் பரிசுகளாக வாங்கிக் குவித்தவர் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டைவிட்டே போய்விட்டார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார். கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறவில்லை. மறுபடி எழுதியும் அப்படியே. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பாஸ் என்பது அன்றைய திட்டம். அந்தத் திட்டத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது, அவர் செய்த ஆராய்ச்சிக்காக.

எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் பரீட்சையில் தவறியதை வைத்து, 'இவளுக்குக் கணக்கு வராது' என்று நாம் முடிவு கட்டக் கூடாது அல்லவா?

நம் ஊரிலும் ஆண்களுக்கான பச்சையப்பன் கல்லூரி 1947-லும், பெண்களுக்கானது 1970-லும் வந்துவிட்டன. பாட்டி காலத்தில் பட்டணம் போய்த்தான் படிக்க வேண்டும் என்றிருந்த நிலை மாறியாயிற்று. இனி, வந்த பெண்கள் நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

நாலு வாரம் படித்துப் பார்!

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப் படிப்பில் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறார்கள். சேர விரும்புகிறவர்கள் முதலில் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கணினிச் சிந்தனை என்று நாலு பாடத்தை நாலு வாரம் படிக்க வேண்டும். வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு. பிறகு நேரில் ஒரு தேர்வு. அதில் தேறினால் சேர்க்கை. கணிதம் ஆரம்பிப்பதே கணங்கள், சார்புகள், நேர்கோடு என்று பள்ளியில் பார்த்த விஷயங்களில்தான். 'புரியவில்லை' என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். ஒன்றரை மாதம் கழித்துப் பதினொன்று மார்க் வாங்கித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம்! இதில் சேர வயது வரம்பு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய சகோதரிகள் கவனிக்கவும்!

நாங்கள் வீட்டில் செய்தது

துறைத் தலைவி பாலத் தாளின் இரண்டு மணி நேரத்தை மறுவாரமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் நாங்களும் ஒரு திட்டம் போட்டோம். உங்களுக்கும் பயன்படலாம்.

1. செமஸ்டர் தொடங்கியதும் ஐந்து அலகுகளையும் காலண்டரில் குறித்து மாட்டினோம். எந்த வாரம் எந்த அலகு என்பது சமையலறையிலிருந்து பார்த்தாலே தெரியும். பாடம் பின்தங்கினால் உடனே கேட்கலாம்.

2. அன்று நடந்ததை அன்றே அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அந்த வாரப் பாக்கிக்கு.

3. ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். ஐம்பது சொல் சேர்ந்ததுமே பயம் பாதி போய்விட்டது.

4. தினமும் ஒரு கணக்கை எனக்குச் சொல்லித் தர வேண்டும். எனக்குப் புரிகிறதா என்பது முக்கியமில்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ஏன் அப்படி?" என்று கேட்பேன். பதில் சொல்ல முடியாமல் நிற்கிற இடம்தான் அவளுக்குப் புரியாத இடம். அதை மறுநாள் டீச்சரிடம் கேட்டுவிடுவாள்.

5. அலுமினிய டப்பாவில் இரண்டு இட்லியாவது இல்லாமல் காலை பஸ் ஏறக் கூடாது. பரீட்சைக்கு முந்தின இரவு கண் விழிப்பதும் கிடையாது. பயமும் பசியும் தூக்கமும் மூளையில் இடம் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு இடம் ஏது?

6. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. இது என் கணவருக்குப் போட்ட சட்டம்!

இரண்டாவது இன்டர்னலில் ஐம்பதுக்கு இருபத்தாறு. பெரிய மார்க் ஒன்றுமில்லை. ஆனால் பேப்பரைக் காட்டும்போது முகத்தில் பழைய சிரிப்பு. "நாலாவது கேள்வியில நிரூபணத்தை நானே யோசிச்சு எழுதினேம்மா" என்றாள்.

மாமியார் ஊஞ்சலிலிருந்தபடியே கேட்டார்: "என்னடி, இழையெல்லாம் பிணைஞ்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு பாட்டி."

"இருக்கட்டும். பிணைக்கிறவ அவசரப்படக் கூடாது" என்றார் அவர்.

உங்கள் வீட்டுப் பெண் இந்த வருஷம் கல்லூரிக்குள் நுழைகிறாளா? முதல் டெஸ்ட் பேப்பர் வரும் வரை காத்திருக்காதீர்கள். முதல் வாரமே ஒரு நடை போய், "மேடம், பாலத் தாளை எப்போ நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.