கராஜில் தொடங்கிய வகுப்பு: ரோரியன் கிரேஸியின் வியாபாரக் கணக்கு

'யூ.எஃப்.சி.' என்று அழைக்கப்படும் கூண்டுச் சண்டைப் போட்டியை நம் இளைஞர்களில் பலர் அறிந்திருப்பார்கள். 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சுமார் 4 பில்லியன் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. ஆனால் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ரோரியன் கிரேஸி என்ற பிரேஸில் நாட்டவர் 1995ஆம் ஆண்டிலேயே தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறிவிட்டார். கையில் வந்த புதையலைக் கோட்டை விட்டவர் என்றுதான் இதைக் கேள்விப்படும் எவருக்கும் தோன்றும். அவர் எந்தப் பொருளை விற்பதற்காகக் கடை திறந்தார் என்பதைப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரிகிறது.

ரோரியன் 1952இல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்தவர். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதாவிடம் கற்ற கலையைக் கிரேஸி குடும்பத்தார் தமக்கேற்றவாறு மாற்றி வளர்த்திருந்தார்கள். எதிராளியைத் தரையில் வீழ்த்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை நெரித்தோ பணிய வைப்பதே அதன் சாரம். ரோரியனின் தந்தை ஹேலியோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். பலத்தைவிட நெம்புகோல் தத்துவத்தை நம்பியவர். எந்தக் கலை வல்லவரும் வந்து மோதிப் பார்க்கலாம் எனப் பகிரங்கமாகச் சவால் விடுவது அக்குடும்பத்தின் வழக்கம். பத்திரிகை விளம்பரத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

1969இல் 17 வயது வாலிபனாக அமெரிக்காவுக்கு விடுமுறைப் பயணம் சென்ற ரோரியனின் பணமும் திரும்பிவரும் பயணச்சீட்டும் களவு போயின. ஹம்பேர்கர் கடையில் வேலை செய்து நாட்களைக் கடத்தி ஒருவாறு ஊர் திரும்பி, சட்டப் பட்டமும் பெற்றார். 1978இல் மீண்டும் கலிபோர்னியா சென்றபோது அந்தப் பட்டத்தால் அங்கு பயனில்லை. வீடுகளைச் சுத்தம் செய்தார், சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் துணை நடிகராகத் தலை காட்டினார். வீட்டுக் கராஜில் பாய் விரித்து, சந்தித்தவர்களையெல்லாம் வகுப்புக்கு அழைத்தார்.

முதல் பாடம் இலவசம். நண்பரை அழைத்து வருபவருக்கு இன்னொரு பாடம் இலவசம். நமது டியூஷன் மாஸ்டர்மாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை! வேறு கலைகளைக் கற்றவர்கள் சந்தேகத்தோடு வந்தால் அவர்களோடு அவரே மோதிக் காட்டினார். தோற்றவர்களில் சிலர் மாணவர்களானார்கள். இத்தகைய மோதல்களைப் படம்பிடித்து, தானே விளக்கவுரை கூறி, வீடியோ நாடாக்களாகவும் விற்றார். இவ்வாறு பத்து வருடங்களுக்கு மேல் உழைத்த பின்னரே, 1989இல் டொரன்ஸ் நகரில் ஒரு முறையான பயிற்சிப் பள்ளியைத் திறக்க முடிந்தது.

ஆர்ட் டேவி என்ற விளம்பரத்துறைக்காரர் அங்கு வந்து சேர்ந்ததும் காரியம் பெரிதானது. கராஜில் நடந்த சவாலை நாடே பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக்கலாம் என்பது அவரது திட்டம். ரோரியனின் மாணவர்கள் உட்பட 28 முதலீட்டாளர்களிடமிருந்து இரண்டரை இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. 1993 நவம்பர் 12ஆம் திகதி டென்வர் நகரில் முதற்போட்டி நடந்தது. எட்டு வீரர்கள் பங்குபற்றினர். எடைப் பிரிவு கிடையாது, வெற்றியாளருக்கு 50,000 டொலர். சுமார் 86,000 வீடுகளில் பணம் கட்டி அதைப் பார்த்தார்கள்.

இங்கே ரோரியனின் வியாபார மூளையைக் கவனியுங்கள். குடும்பத்தின் மிகச் சிறந்த வீரராக மதிக்கப்பட்டவர் தம்பி ரிக்சன். ஆனால் கட்டுமஸ்தான ரிக்சனை விட்டுவிட்டு, ஒல்லியான இளைய தம்பி ரொய்ஸைக் களமிறக்கினார். பலசாலி வென்றால் பலத்தால் வென்றான் என்பார்கள். சாதாரண உடம்புக்காரன் வென்றால், "எனக்கும் இதைக் கற்றுத் தாருங்கள்" என்று கேட்டு வருவார்கள். ரொய்ஸ் அன்றிரவு மூவரை வீழ்த்தி வென்றார். இரண்டாவது, நான்காவது போட்டிகளிலும் அவரே வெற்றியாளர். ரோரியனுக்கு அந்தக் கூண்டு பள்ளிக்கான விளம்பரப் பலகையாகவே இருந்தது.

ஒளிபரப்பை நடத்திய நிறுவனத்துக்கோ சண்டைதான் விற்பனைப் பொருள். இந்த வேறுபாடு 1994 டிசம்பரில் வெடித்தது. நான்காவது போட்டியின் இறுதிச் சண்டை கால் மணிநேரத்தைத் தாண்டி நீண்டதால் ஒதுக்கப்பட்ட ஒளிபரப்பு நேரம் முடிந்து, பல வீடுகளில் திரை இருண்டது. முடிவைக் காணாத வாடிக்கையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த போட்டியிலிருந்து நேர வரையறை வந்தது. பொறுமையாக இருந்து பெரிய எதிராளியைக் களைக்க வைப்பதே தன் கலையின் உயிர் என்று கற்பித்து வந்த ரோரியனால் இதை ஏற்க முடியவில்லை. 1995 ஏப்ரலில் நடந்த ஐந்தாவது போட்டியில் ரொய்ஸின் சண்டை 36 நிமிடங்கள் நீண்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதன் பின்னர் அவரும் டேவியும் தமது பங்குகளை விற்றார்கள்.

விற்ற நேரம் தவறு என்றும் எளிதில் சொல்லிவிட முடியாது. அரசியல்வாதிகளின் எதிர்ப்பால் 1997இல் கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. 2001இல் அந்த நிறுவனம் வெறும் 2 மில்லியன் டொலருக்கே விலைபோனது. பில்லியன்கள் வந்தது, எடைப் பிரிவு, சுற்று, கையுறை என்று ரோரியன் விரும்பாத விதிகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னர்தான். மறுபுறம் அவரது பள்ளி தளரவில்லை. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க இராணுவத்தின் ரேஞ்சர் படைப்பிரிவு கிரேஸிகளிடம் பயிற்சி கேட்டு வந்தது. பின்னர் மகன்மார் ரைரனும் ரெனரும் பாடங்களை இணையத்திலும் விற்கத் தொடங்கினார்கள்.

எனது பார்வையில் அவருக்கு உண்மையான நட்டம் வேறோர் இடத்தில் ஏற்பட்டது. 'கிரேஸி ஜூஜிட்சு' என்ற பெயரைத் தனக்கு மட்டுமே உரியதாகப் பதிவு செய்து, உறவினர்களும் அதைப் பயன்படுத்தக் கூடாதென்றார். அவருக்கு முன்பே அமெரிக்காவில் கற்பித்துவந்த ஒன்றுவிட்ட சகோதரர் கார்லி நீதிமன்றம் சென்றார். அந்தப் பெயர் ரோரியனுக்கு மட்டும் உரியதல்ல என்றே தீர்ப்பு வந்தது. முக்கோணச் சின்னம் மாத்திரம் அவர் கையில் எஞ்சியது. வழக்குக்கு அஞ்சிய ஏனைய ஆசிரியர்கள் 'பிரேஸிலிய ஜூஜிட்சு' என்ற பெயரில் கற்பித்தார்கள். இன்று உலகம் கூடுதலாக அறிந்திருப்பது அந்தப் பெயரைத்தான்.

வளைகுடாவுக்குச் சென்றதும் அதே பெயர்தான். அமெரிக்காவில் படிக்கும்போது இக்கலையில் ஈடுபாடு கொண்ட ஷெய்க் தஹ்னூன் பின் ஸாயித் 1998இல் அபூதாபியில் சர்வதேசப் போட்டியொன்றை ஆரம்பித்தார். 2008 முதல் அங்குள்ள பாடசாலைகளில் ஜூஜிட்சு ஒரு பாடமாகவே நுழைந்தது. அதற்காகப் பிரேஸிலிலிருந்து நூற்றுக்கணக்கான பயிற்றுநர்கள் தொழிலுக்கு அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் கற்பிக்கும் கலையை உலகறியச் செய்ய ரோரியனின் கூண்டு பெரிதும் உதவியது. ஆனால் அவர்களில் எவரும் பெயருக்காக அவருக்கு ஒரு டொலர்கூடக் கட்ட வேண்டியதில்லை.