செவிலியர் வேலைக்கு வாசலாகும் ஆங்கில உச்சரிப்பு

திருவனந்தபுரம்: இத்தொகுதியிலிருந்து 2009 முதல் தொடர்ந்து நான்கு முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சசி தரூர், 2018-இல் தமது நூலை அறிமுகப்படுத்த 29 எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல் ஒன்றைக் கையாண்டு, பலரை அகராதியைப் புரட்ட வைத்தார். ஆனால், வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் கேரளச் செவிலியர்களைத் தடுமாற வைப்பவை அத்தகைய நெடுஞ்சொற்கள் அல்ல. அன்றாடம் புழங்கும் சிறு சொற்களே.

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பகுதியில் 9-க்கு 7 புள்ளிகள் தேவை. அதை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று உச்சரிப்பு. இத்தேவையைக் கருதி, மாநில அரசின் நோர்க்கா அமைப்பு 2023-இல் இந்நகரில் அயல்மொழிப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது.

தாய்மொழியின் தாக்கம்:

‘சிம்ப்ளி’ என்ற சொல்லை மலையாளிகள் உச்சரிப்பது நெடுங்காலமாகவே கேலிக்குரியதாகி வந்துள்ளது. காரணம் அறியாமை அன்று. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் பகரம் வன்மையாகவும், மகரத்தை அடுத்த பகரம் மென்மையாகவும் ஒலிக்கின்றன. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மென்மையடையும் இப்பழக்கம் தமிழர்களுக்கும் உரியதே. ஆங்கிலத்திலோ ‘சிம்ப்ளி’யின் பகரம், பம்பரத்தின் முதல் பகரம்போல ஒலிக்க வேண்டும்.

எழுத்தை நம்பிப் படிப்பதும் கைகொடுப்பதில்லை. ‘நிமோனியா’வின் முதலெழுத்தான ‘பி’ ஒலிப்பதே இல்லை. வயிற்றைக் குறிக்கும் ‘ஸ்டமக்’ என்பதில் ‘சி, எச்’ எழுத்துகள் ககரமாக ஒலிக்கின்றன.

15-ஆ, 50-ஆ?

மருத்துவமனையில் இது மதிப்பெண்ணோடு முடிவதில்லை. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பகுதியையும், ‘ஃபிஃப்டி’ என்பதில் முன்பகுதியையும் அழுத்த வேண்டும். அழுத்தம் மாறினால் மருந்தின் அளவே மாறக்கூடும். எனவேதான், இத்தகைய எண்களை ‘ஒன்று, ஐந்து’ என இலக்கம் இலக்கமாகவும் சொல்லுமாறு மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர்.

அதே சமயம், ஆங்கிலேயரைப்போலப் பேச வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கான ஓ.இ.டி. தேர்வு, பேச்சு கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பதையே அளவிடுகிறது. சொந்தச் சாயல் குறையாகக் கருதப்படுவதில்லை.

உச்சரிப்புச் சிக்கல் ஒருவழிப் பாதையும் அன்று. ஆங்கிலேயர் நாவில் ‘ட்ரிவாண்ட்ரம்’ எனச் சுருங்கிய இந்நகரம், திருவனந்தபுரம் என்ற தன் முழுப் பெயரை அதிகாரப்பூர்வமாக மீட்டது 1991-இல்தான்.