கேட்டு போட்டாச்சு… ட்ரெயின் மட்டும் ஏன் இன்னும் வரல?

காலை 8.15. ஜெனரல் ஷிஃப்ட்டுக்குக் கால் மணி நேரம்தான் பாக்கி. ரயில்வே கேட்டை நெருங்கும்போதே மணி அடிக்க ஆரம்பிக்கிறது, சிவப்பு விளக்கு மின்னுகிறது, உங்கள் கண்ணெதிரேயே கம்பு இறங்கிவிடுகிறது. வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு ரெண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறீர்கள். தண்டவாளம் காலியாகக் கிடக்கிறது. ஐந்து நிமிஷம் போகிறது. ஏழு நிமிஷம் போகிறது. "ட்ரெயினையே காணோம், எதுக்குங்க இப்பவே கேட்டைப் போட்டீங்க?" என்று யாரோ குரல் கொடுக்கிறார். பதில் வருவதற்குள் ஒரு பைக் சாய்ந்தபடி கம்புக்கு அடியில் நுழைகிறது. பின்னாலேயே இன்னொன்று.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும், திருவள்ளூர், கடம்பத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இந்தக் காட்சி புதுசே இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது திருவள்ளூர் வழியாகத்தான். அன்றைக்கு மாட்டு வண்டிகள் நின்றன, இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கேட்டில் நிற்கிற எரிச்சலில் பெரிய மாற்றம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. ட்ரெயின் கண்ணுக்கே தெரியாதபோது ஏன் கேட்டை மூடுகிறார்கள்? கேட்கீப்பர் சீக்கிரம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்று நாமே ஒரு பதிலையும் வைத்திருப்போம். உண்மை வேறு.

நம் கண்ணுக்குத் தெரியும் மணி, சிவப்பு விளக்கு, கோடு போட்ட கம்பு எல்லாம் எச்சரிக்கையில் பாதிதான். மீதிப் பாதி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரயில் வரும் திசையைப் பார்த்து நிற்கிறது. கேட்டுக்கு முன்னால் தண்டவாளத்தோரம் ஒரு சிக்னல் இருக்கும். நம் தாத்தா காலத்தில் அதற்குக் கைகாட்டி மரம் என்று பெயர். கை கிடையாக நீட்டியிருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. இப்போது பெரும்பாலும் கலர் லைட். கேட்டுக்கென்றே தனியாக வைத்த சிக்னல் என்றால், அந்தக் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அடுத்த முறை ரயிலில் போகும்போது ஜன்னல் சீட் கிடைத்தால் கவனித்துப் பாருங்கள்.

இந்த சிக்னலையும் கேட்டையும் ஒன்றோடொன்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறார்கள். கேட்கீப்பர் வின்ச்சைச் சுற்றி ரெண்டு பக்கக் கம்பையும் முழுசாக இறக்க வேண்டும். சில இடங்களில் இந்த வேலையை மோட்டார் செய்கிறது. கம்பு அதன் இடத்தில் உட்கார்ந்து பூட்டு விழுந்த பிறகுதான் சிக்னலை விடுவிக்கும் சாவி கிடைக்கும். அந்தச் சாவியைப் போட்டால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை விழுந்துவிட்டால் சாவி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரயில் தாண்டிப் போய், சிக்னல் மறுபடி சிவப்புக்கு வந்தால்தான் சாவி கைக்கு வரும், கேட்டும் திறக்கும். ஒயரும் லீவரும் வைத்துச் செய்த பழைய கேட்டாக இருந்தாலும், பட்டனும் ரிலேயும் உள்ள புதுக் கேட்டாக இருந்தாலும் தத்துவம் இதுதான்.

ஆக, "கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே, ரெண்டே செகண்ட்" என்று நாம் கெஞ்சும்போது, கேட்கீப்பர் நினைத்தாலும் சட்டென்று திறக்க முடியாது. அவர் கையைக் கட்டியிருப்பது மேலதிகாரியின் உத்தரவு மட்டுமில்லை, ஒரு இரும்புப் பூட்டும்தான்.

சரி, எதற்கு இத்தனை முன்கூட்டி? சென்னை–கூடூர் பாதையில் இப்போது 130 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு செகண்டுக்கு 36 மீட்டர். நீங்கள் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் ஒரு கிரவுண்டின் நீளத்தைத் தாண்டியிருக்கும். அந்த வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். அதனால் லோகோ பைலட் ரொம்ப தூரத்திலேயே பச்சையைப் பார்த்தாக வேண்டும். அவர் அங்கே பச்சையைப் பார்க்க, இங்கே கேட் அதற்கும் முன்பே பூட்டியிருக்க வேண்டும். நீங்கள் வெறும் தண்டவாளத்தைப் பார்க்கும் அந்த நிமிஷங்கள் இப்படித்தான் வருகின்றன.

இதிலிருந்து ரெண்டு விஷயம் புரியும். ஒன்று, கம்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது வரிசையாக பைக்குகள் நுழைந்துகொண்டே இருந்தால் கேட் பூட்டாது. பூட்டாவிட்டால் பச்சை கிடையாது. ரயில் சிக்னலில் நிற்கும். ஜி போட்ட சிக்னல் சிவப்பாகவே இருந்தால் லோகோ பைலட் ஹாரன் அடித்துவிட்டு பகலில் ஒரு நிமிஷம், இரவில் ரெண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட் வரை ஊர்ந்து வந்து, கேட்கீப்பர் கொடி காட்டினால் தாண்டலாம். பின்னால் வரும் வண்டிகளும் அதற்கேற்பத் தாமதமாகும். அந்த லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வருவது உங்கள் ஷிஃப்ட் ஆளாகவே இருக்கலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கம்பு முழுசாக இறங்கி, பூட்டு விழுந்த பிறகு யாராவது குனிந்து நுழைந்தால் சிக்னலுக்கு அது தெரியவே தெரியாது. கேட் பூட்டியிருக்கிறது, ஆகவே பாதை காலி என்பதுதான் அதன் கணக்கு. பச்சை பச்சையாகவே இருக்கும். நம்மைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு முழுவதையும் தாண்டி நாமே உள்ளே போய் நிற்கிறோம்.

சரி, எல்லா கேட்டும் இப்படிப் பூட்டப்பட்டதா என்று கேட்டால், இல்லை. 2025 ஜூலை 8-ம் தேதி காலை கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு ஸ்கூல் வேன் மீது மோதியதில் மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். மூடியிருக்க வேண்டிய கேட் திறந்திருந்தது. அது இன்டர்லாக் செய்யப்படாத கேட்.

அந்த மாதிரி கேட்டில் சாவிக்குப் பதிலாக ஒரு போன் கால் இருக்கிறது. ரயில் வரப்போகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். ரெண்டு இலக்க எண், பிரைவேட் நம்பர் என்பார்கள். ஒரு தடவை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். நம்பர் வந்துவிட்டால் கேட் மூடியாச்சு என்று அர்த்தம். பாருங்கள், இதில் எந்த இடத்திலும் இரும்பு இல்லை. வார்த்தைதான் பூட்டு. நம்பர் சொல்லப்பட்டு, கேட் மூடப்படாமல் இருந்தாலும் ரயிலைத் தடுக்க அங்கே எதுவும் கிடையாது. ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்த ஒரு மனிதரின் கவனத்தை மட்டும் நம்பி ஒரு ஸ்கூல் வேன் தண்டவாளத்தைத் தாண்டுவதா என்பதுதான் என் கேள்வி. ஆளைத் தண்டிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆள் தவறினாலும் தவறாத கேட் வேண்டும்.

விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் சில உத்தரவுகள் போட்டது. கேட்டுகளில் சி.சி.டி.வி., கேட்கீப்பர்–ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சுப் பதிவுகளைச் சரிபார்ப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் பெரிய விஷயம் ஒரு எண். அதுவரை டி.வி.யு. 20,000-ஐத் தாண்டும் கேட்டுகளுக்குத்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்ததை 10,000 ஆகக் குறைத்தார்கள்.

டி.வி.யு. என்பது ஒரு நாளில் கேட்டைத் தாண்டும் ரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கி வரும் எண். 50 ரயில், 200 கார்–லாரி என்றால் 10,000. பைக்கை முழு வண்டியாக எண்ண மாட்டார்கள். ஆட்டோ, டூவீலருக்கெல்லாம் கால், அரை என்று பின்னக் கணக்கு. இதே எண் ஒரு லட்சத்தைத் தொட்டால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டும் தகுதி வருகிறது. நூறு ரயில், ஆயிரம் வண்டி போதும். நம் தொழிற்பேட்டை ஏரியாவில் அதெல்லாம் ஒரு பெரிய எண்ணே இல்லை. தகுதி வருவதற்கும் பாலம் வருவதற்கும் நடுவில் நிலம் எடுப்பது என்று ஒரு சமாசாரம் இருக்கிறதே, அது தனிக் கட்டுரை.

ஆளே இல்லாமல் எச்சரிக்கும் கருவிக்கான முயற்சி நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1909-ல் கலிபோர்னியாவில் பசிபிக் எலெக்ட்ரிக் ரயில்வேயின் இன்ஜினீயர் ஆல்பர்ட் ஹன்ட் 'விக்வாக்' என்ற ஒன்றைச் செய்தார். ஒரு வட்டத் தகடு, நடுவில் சிவப்பு விளக்கு. ரயில் நெருங்கினால் தகடு கடிகாரப் பெண்டுலம் மாதிரி இடமும் வலமுமாக ஆடும், மணியும் அடிக்கும். தண்டவாளத்தோரம் நின்று விளக்கை ஆட்டும் காவல்காரரின் கையைப் பார்த்துச் செய்தது அது. நம் ஊர் அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். அதாவது, இங்கே அந்தக் கையே இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் கேட்கீப்பர் கொடியோடு வெளியே வந்து நிற்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டுக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். உயரம் 4.67 மீட்டர். உங்கள் லோடு அதில் தட்டினால் உள்ளே போகவே கூடாது. மேலே ஓடுவது 25,000 வோல்ட்.

ஒரு வண்டி போன பிறகும் கேட் திறக்கவில்லையே என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அடுத்த லைனில் இன்னொன்று வருகிறது என்று பொருள். முதல் ரயிலின் சத்தத்தில் ரெண்டாவது ரயிலின் சத்தம் கேட்காது. மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயில், உடைத்தால் ஐந்து வருஷம் வரை.

தண்டவாளத்தின் நடுவில் உங்கள் வண்டி ஆஃப் ஆகிவிட்டால்? மறுபடி மறுபடி செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் நாம் எல்லோரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். முதலில் உள்ளே இருப்பவர்களை இறக்குங்கள். அடுத்த நொடி கேட்கீப்பரிடம் ஓடுங்கள். இன்டர்லாக் கேட்டாக இருந்தால் அவர் சிக்னலைச் சிவப்புக்குத் தள்ளுவார். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுவார். ரயில் அந்த சிக்னலை ஏற்கெனவே தாண்டியிருந்தால், அல்லது கேட்டுக்கு சிக்னலே இல்லையென்றால், அவரிடம் மிச்சமிருப்பது சிவப்புக் கொடியும் ஒரு டப்பா டெட்டனேட்டரும்தான். தண்டவாளத்தில் மாட்டினால் சக்கரம் ஏறும்போது வெடித்து லோகோ பைலட்டை உஷார்ப்படுத்தும் பட்டாசு அது. 1841-ல் எட்வர்ட் கூப்பர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது, இன்றும் கேட் ரூமில் இருக்கிறது.

அதற்கு விதி இருக்கிறது. ரயில் வரும் திசையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. ஜல்லி மேல் 1,200 மீட்டர் ஓட நல்ல உடம்புக்காரருக்கே ஆறேழு நிமிஷம் ஆகும். 130-ல் வரும் வண்டி அதே தூரத்தை 33 செகண்டில் முடித்துவிடும். நீங்கள் செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருடைய ஓட்டத்திலிருந்து போகிறது. அவரிடம் சொல்லிவிட்டு, கூட இருக்கும் ஒருவரை 139-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். அதற்கப்புறம் ஆட்களைச் சேர்த்து வண்டியைத் தள்ளலாம்.