நான்கு மணி என்றால் எத்தனை மணி?

வெளிநாட்டிற்குச் செல்வோர் பணத்தை மாற்றுவர். கடிகார முள்ளையும் மாற்றி வைப்பர். முள்ளை மாற்றி வைத்த பிறகும் நேரம் தவறிப் போகும் நாடு ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதை நாங்கள் நேரில் அறிந்தோம்.

மருத்துவரான எங்கள் அப்பா, ஒரு மாத மறைப்பணிக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியாவிற்கு எங்கள் எல்லாரையும் அழைத்துச் சென்றார். அங்கே கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் மோஷி என்னும் நகரம் இருக்கிறது. 5,895 மீட்டர் உயரமுள்ள அம்மலையே ஆப்பிரிக்காவில் மிக உயர்ந்தது. அதன் சரிவுகளில் சாகா இன மக்கள் வாழையையும் காப்பியையும் ஒரே தோட்டத்தில் பயிரிடுகிறார்கள். அத்தகைய தோட்டங்களுக்கு நடுவே அருட்சகோதரிகள் நடத்தும் சிறு மருத்துவமனையில் தங்கினோம். மே மாதம் அங்கே மழைக்காலம். முதல் பத்து நாட்கள் மேகம் மலையை எங்களுக்குக் காட்டவே இல்லை.

போவதற்கு முன்பே சுவாஹிலி மொழியில் ஒன்று முதல் பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டோம். பெரியவர்களைக் கண்டால் "ஷிக்காமூ" என்று வணங்க வேண்டும். அவர்கள் "மராஹபா" என்று பதில் சொல்வார்கள். தாயை அம்மொழியில் "மாமா" என்பார்கள். மருத்துவமனைக்கு வரும் பெண்களையெல்லாம் மாமா என்று அழைக்க வேண்டியிருந்ததால், தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை, நகரத்திற்குச் சென்று வரும் வேலைகளை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். சோள மாவும் பீன்ஸும் வாங்க வேண்டும்; தையற்கடையில் திரைச்சீலைகளைப் பெற வேண்டும்; கடைசியாக, மருந்துக் கடையில் இன்சுலின் வாங்க வேண்டும். எங்கள் வயதுடைய ஒரு சிறுமிக்கு அது தேவை. உடலில் இன்சுலின் சுரக்காதவர்களுக்கு அது உணவைப் போல நாள்தோறும் வேண்டும். மருத்துவமனையில் இருந்தது அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் "சா நே" மணிக்கு வரச் சொன்னதாக, தொலைபேசியில் பேசிய சமையற்காரப் பையன் கூறினான். நே என்றால் நான்கு. கற்ற பாடம் பயன்பட்டது என்று எங்களுக்குப் பெருமை! இன்சுலின் சூடாகிவிடக் கூடாது என்பதால், அதைக் கடைசியில் வாங்குவதே நல்லது என்றும் எண்ணினோம்.

டாலாடாலா என்னும் சிறிய பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினோம். சந்தையில் முதல் பாடம் காத்திருந்தது. தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. வெறுங்கையோடு சென்ற நாங்கள் முதலில் பைகளை வாங்கிவிட்டுத்தான் மாவு வாங்கினோம். கடைக்கு அங்கே "டூக்கா" என்று பெயர். இந்தியில் துக்கான் என்பது போலவே இருக்கிறது அல்லவா? பலர் பணத்தைக் கைப்பேசி வழியாகவே கொடுத்தார்கள். இதற்கான எம்-பெசா முறை பக்கத்து நாடான கென்யாவில் 2007இல் தொடங்கியது.

சரியாக மாலை நான்கு மணிக்கு மருந்துக் கடைக்குச் சென்றோம். கதவு பூட்டியிருந்தது! சனிக்கிழமையில் பிற்பகல் இரண்டு மணிக்கே மூடிவிடுவார்களாம். அம்மாவின் முகம் வாடிவிட்டது. எதிரே தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் எங்களைக் கவனித்து அருகே வந்தார். எங்கள் அரைகுறைப் பேச்சைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சா நே" என்பது காலை பத்து மணி! அந்நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகே இருப்பதால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சூரியன் உதித்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில் மறைகிறது. ஆகவே சுவாஹிலி பேசுவோர் நள்ளிரவிலிருந்து எண்ணாமல் காலை ஆறு மணியிலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் நண்பகல் அவர்களுக்கு ஆறு மணி. எளிய வழி ஒன்றை அந்த அம்மையார் காட்டினார். கடிகாரத்தில் சிறிய முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். பத்துக்கு எதிரே நான்கு, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதன்று. நம் முன்னோரும் சூரிய உதயத்திலிருந்தே நாழிகை எண்ணினார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நாளுக்கு 60 நாழிகை. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்திற்கு மூன்றாம் மணியிலும், ஆறாம் மணியிலும், ஒன்பதாம் மணியிலும், பதினோராம் மணியிலும் ஆட்கள் அழைக்கப்படுகிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான். பதினோராம் மணி என்பது நம் மாலை ஐந்து மணி. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த கணக்கை, பூட்டிய கதவின் முன் நின்றுதான் புரிந்துகொண்டோம்.

அந்த அம்மையார் தம் கைப்பேசியில் கடைக்காரரை அழைத்தார். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து, அதாவது அவர்கள் கணக்கில் பதினொன்று! அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இன்சுலினை எங்கள் பெட்டியில் வைத்து, உருகிப்போன பனிக்கட்டிக்குப் பதில் புதிய பனிக்கட்டியும் போட்டுத் தந்தார்.

நாங்கள் மலையேறி வந்தபோது இருட்டிவிட்டது. மருத்துவமனைத் திண்ணையில் அந்தச் சிறுமி உண்ணாமல் காத்திருந்தாள். அப்பா உடனே அவளுக்கு ஊசி போட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைத் தேடியபடி வந்தோம். ஆனால் அவளுடைய தாய் எங்கள் சேறு படிந்த கால்களைப் பார்த்து, "போலே" என்று முந்திக்கொண்டார். துன்பப்பட்டவரிடமும் களைத்தவரிடமும் சொல்லும் ஆறுதல் மொழி அது. நாள் முழுவதும் கவலையோடு இருந்தவர் அதை எங்களுக்குச் சொன்னார்!

உதவி செய்யப் போன எங்களுக்கு அன்று தையற்கார அம்மையாரும், கடைக்காரரும், அந்தத் தாயும் உதவினார்கள். எண்களைக் கற்றுச் சென்ற நாங்கள், அவற்றை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்கத் தவறிவிட்டோம். தோழியரே, புதிய ஊருக்குச் சென்றால் அதை முதலில் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி