நில்லாது ஓடும் நீர்ப் பம்பு

ஓர் இயந்திரம் ஓடாமல் நின்றுவிட்டால் அது பழுதடைந்தது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நிற்க வேண்டிய வேளையில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தையும் நாம் பழுதடைந்தது என்றே சொல்லிவிடுகிறோம். பழுது அந்த இயந்திரத்தில்தான் உள்ளதா என்பது வேறு கேள்வி. மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டியின் சிறிய நீர்ப் பம்பு இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்றதொரு பொருள்.

பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்று இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றும் குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். முகாம் திடலில் நிறுத்தினால் ஊர்க் குழாய் நீரை நேரே இணைத்துக்கொள்ளலாம். அது இல்லாத இடத்தில், வண்டியிலுள்ள தொட்டி நீரைப் பம்பு இறைத்துத் தரும்.

தென் ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் அவ்வழியில் நல்ல நீர் கிடைப்பது அரிது. நிமிடத்திற்கு 11 லிட்டர் இறைக்கும் பம்பு, குழல் ஒன்று கழன்றுவிட்டால், 100 லிட்டர்த் தொட்டியை ஒன்பதே நிமிடத்தில் காலி செய்துவிடும். நீரும் போய், பேட்டரியின் மின்சாரமும் போய், வண்டியின் மரத்தளமும் ஊறிப்போகும். ஆகவே இது வெறும் இரைச்சல் தொல்லை அன்று.

இப்பம்பு எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 12 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கும் சவ்வுப் பம்பு. ரப்பர்ச் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, ஒருவழி வால்வுகளின் துணையால் நீரை உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிறது. குழாய்கள் யாவும் மூடியிருந்தால் தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை; அழுத்தம் ஏறுகிறது. சதுர அங்குலத்திற்கு 40 முதல் 55 பவுண்டு வரை, அந்தந்தப் பம்புக்குக் குறித்த அளவை எட்டியதும், பம்பின் தலையிலுள்ள பிரஷர் சுவிட்சு மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. குழாயைத் திறந்தால் அழுத்தம் தாழ்ந்து, சுவிட்சு மீண்டும் மின்சாரத்தை விடுகிறது.

அந்தப் பம்புக்குக் குழாய் திறந்திருப்பதும் தெரியாது, மூடியிருப்பதும் தெரியாது. அது அறிந்தது அழுத்தம் ஒன்றையே. எனவே ‘பம்பு ஏன் நிற்கவில்லை?’ என்று கேட்பதைவிட, ‘அழுத்தம் ஏன் ஏறவில்லை?’ என்று கேட்பதே பொருத்தம். கேள்வியை இவ்வாறு மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புதுப் பம்பு வாங்கிப் பொருத்தியும் பழைய கதையே தொடர்கிறது என்று வருந்துவோர் பலர் இக்கேள்வியைக் கேளாதவரே.

சில வேளைகளில் பழுதே இராது. தொட்டியில் நீர் இல்லாவிடினும் பம்பு ஓடும். வெந்நீர்க் கலத்தை வடித்துவிட்டு மீண்டும் நிரப்புகையில், 23 லிட்டர்க் கலம் நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை பம்பு ஓடத்தான் வேண்டும். இடைவிடாது ஓடுவது ஒன்று, சில நிமிடத்திற்கொருமுறை ஓரிரு நொடி ஓடி அடங்குவது வேறொன்று. பின்னது சிறு கசிவைக் குறிக்கும். அல்லது பம்பின் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் நீர் தொட்டிக்கே திரும்புவதைக் குறிக்கும். ஊர்க் குழாயை இணைத்திருக்கும்போது தொட்டியின் நீர்மட்டம் தானே உயர்ந்தால் அவ்வால்வின்மேல் ஐயம் கொள்ளலாம்.

இடைவிடாது ஓடுமாயின் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பம்பை நிறுத்தி, அது நீரை வெளித்தள்ளும் வாயில் உள்ள குழலைக் கழற்றி, அவ்வாயை இறுக அடைத்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். சில நொடியில் நின்றுவிட்டால் பம்பு நலமாக உள்ளது. குற்றம் அதற்கு அப்பால் எங்கோ இருக்கிறது. நில்லாவிடில் உடனே நிறுத்திவிட்டு, பம்பிலும் அதற்கு முன்னுள்ள பகுதியிலும் தேடல் வேண்டும். ஒரே சோதனையில் வண்டியின் நீர்வழி முழுதும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கணக்கில் விடை தவறிய மாணவனிடம் நடுப் படியை முதலில் பார்க்கும் ஆசிரியர் செய்வதும் இதுவே.

அப்பால் இருக்கும் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நீர் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கழிவறைக் கிண்ணத்தில் ஓசையின்றி நீர் சேர்கிறதா, வண்டிக்கு வெளியேயுள்ள குளிக்கும் குழாய் திறந்திருக்கிறதா, அடித்தளத்து வடிகுழாயின் மூடி கழன்றதா, வெந்நீர்க் கலத்தின் பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறதா என்று வரிசையாகப் பார்த்தால் போதும்.

உறிஞ்சும் பக்கத்துக் குற்றமே ஏமாற்றுவது. பம்பு நீரை இழுக்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் பம்பு தன் உள்ளே அழுத்தத்தைக் குறைக்க, வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டி நீரை அதனுள் தள்ளுகிறது. காற்றுக்கு இத்தகைய அழுத்தம் உண்டென்பதை 1643இல் இத்தாலியரான தோரிச்செல்லியின் பாதரசச் சோதனை விளக்கியது. உறிஞ்சு குழலில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் பம்பு ஓடும்போது அதன் வழியே நீர் வெளிவராது, காற்றுதான் உட்புகும். காற்றோ அழுத்தினால் சுருங்கும் பொருள். ஆதலால் சவ்வு எத்தனை முறை அசைந்தாலும் அழுத்தம் ஏறுவதில்லை. தரை உலர்ந்தே இருக்கிறது, ஒரு துளி ஈரமும் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று தேடுபவர் முடிவு கட்டிவிடுகிறார்!

வகுப்பில் இதைக் காட்ட வேண்டுமாயின் குளிர்பானம் பருகும் உறிஞ்சு குழல் ஒன்று போதும். நீர்மட்டத்துக்கு மேலே குண்டூசியால் துளையிட்டுக் கொடுத்தால், மாணவன் எவ்வளவு உறிஞ்சினும் வாய்க்குக் காற்றே மிகுதியாக வரும். குழலுக்கு வெளியே ஒரு துளியும் சிந்தாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொட்டி நிறைந்து நீர்மட்டம் பம்பைவிட உயர்ந்திருக்கும்போது நீரே நெருக்கிக்கொண்டு வருவதால் அதே பம்பு ஒழுங்காக ஓடி நிற்கலாம். தொட்டி பாதியாகி மட்டம் தாழ்ந்ததும் தொல்லை தொடங்கலாம். ‘நேற்று நன்றாக இருந்ததே’ என்ற வியப்புக்குக் காரணம் பல வேளைகளில் இதுதான். உறிஞ்சும் வாயின் அருகே கண்ணாடிபோல் தெளிந்த குழல் ஒரு சாண் பொருத்திப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். முதலில் ஐயுற வேண்டியது வடிகட்டியை: அதன் மூடியிலுள்ள ரப்பர் வளையம் நழுவியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் வெடித்திருக்கும்.

அமெரிக்கா, கனடா போன்ற குளிர்நாடுகளில் இவ்வெடிப்புக்குத் தனிக் காரணம் உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. வடிக்காமல் விட்ட நீர் கிண்ணத்தைப் பிளந்துவிடும். அதைத் தவிர்க்க, பம்பின் முன்னுள்ள ஒரு வால்வைத் திருப்பி, உறையாத் திரவத்தைக் குழல்களில் ஏற்றி வைப்பர். வசந்தத்தில் அவ்வால்வை முழுதும் திருப்பாமல் விட்டால் அதன் வழியே காற்று புகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நில்லாவிடில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். சோர்ந்த பேட்டரியாலும் துருப்பிடித்த இணைப்பாலும் பம்பு மெதுவாகச் சுழன்று, குறித்த அழுத்தத்திற்குச் சற்றுக் கீழேயே தங்கிவிடும். பம்பு ஓடாதபோது அளந்தால் 12.6 வோல்ட்டு காட்டும் பேட்டரியை நம்பிவிடலாகாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளிலேயே அளத்தல் வேண்டும். அதுவும் குறையாதிருந்தால், தேய்ந்த வால்வோ கிழிந்த சவ்வோ காரணமாகலாம். அழுத்தம் உண்மையாகவே ஏறி, பம்பு முனகியபடி ஓடினால் மட்டுமே சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று கொள்ளலாம். சுவிட்சின் திருகை முதலிலேயே திருகிப் பார்ப்பது பலரது வழக்கம். அழுத்தமானி இல்லாமல் அதைத் தொடாதிருப்பதே நன்று.

ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் அமைப்பே வேறு. அங்கே பம்பு தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கும். ஒவ்வொரு குழாயின் கைப்பிடிக்குள்ளும் ஒரு சிறு சுவிட்சு இருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் பம்பு ஓடும், தாழ்த்தினால் நிற்கும். பிரஷர் சுவிட்சு இல்லாத அத்தகைய வண்டியில், மேலே சொன்ன அடைப்புச் சோதனை பயன் தராது. ஈரம் புகுந்து ஒட்டிக்கொண்ட சுவிட்சு எது என்று, குழாய்களின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் ஓசை அடங்குகிறதோ, அக்குழாயின் சுவிட்சை மாற்றினால் போதும்.