மீன் வருவதற்கு முன்னால்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கலாமா என்று கடையில் கேட்டால் கானிஸ்டர் ஃபில்டர், ஸ்கிம்மர், சில்லர், யு.வி. விளக்கு என்று ஒரு பட்டியல் நீளும். விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆசையை அங்கேயே விட்டு இரண்டு தங்கமீனோடு வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பட்டியல் பொய் இல்லை. ஆனால் சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில் வைக்கப்போகும் இரண்டடித் தொட்டிக்கு அதில் பாதிக்கு மேல் தேவைப்படாது. எந்தப் பாதி என்று தெரிய, தொட்டிக்குள் என்ன வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஃபில்டர். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான். அழுக்கைத் தடுத்து நிறுத்துவது ஃபில்டர், தண்ணீர் தெளிந்துவிட்டால் அது சுத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொட்டியில் மீனைக் கொல்லும் பொருளோ கண்ணுக்கே தெரியாது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் வருவது அதே அம்மோனியா. அது தண்ணீரில் கரைந்துவிடும். அதற்கு நிறம் கிடையாது. எந்தப் பஞ்சும் எந்த வலையும் அதைப் பிடிக்காது. புதுத் தொட்டியில், பளிச்சென்று இருக்கும் தண்ணீரில், வாங்கி வந்த சில நாளிலேயே மீன் செத்து மிதப்பது இதனால்தான். கடைக்காரர் நோயாளி மீனைத் தள்ளிவிட்டார் என்று நாம் அவரைத் திட்டுவோம். பல சமயம் அவர் மேல் தப்பிருக்காது.

தங்கமீன் வளர்த்த அனுபவம் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. கடல் நீரின் பிஹெச் அளவு 8.2 போல இருக்கும். காரத்தன்மை கூடக் கூட, சூடு ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருக்கும் பங்கு அதிகமாகும். குழாய்த் தண்ணீர்த் தொட்டியில் தங்கமீன் தாங்கிக்கொள்கிற அளவைக் கடல் மீன் தாங்காது.

அப்படியானால் அம்மோனியாவை எடுப்பது யார்? பாக்டீரியா. ஒரு வகை அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் வித்தியாசம் பெரிது. நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் சமாளித்துவிடும். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதன் மேலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஆகவே தொட்டியில் எவ்வளவு பரப்பு இருக்கிறதோ அவ்வளவு ஃபில்டர் இருக்கிறது. ஓட்டை ஓட்டையான ஒரு கல்லை நினைத்துப் பாருங்கள்: வெளியே கையளவுதான் தெரியும், உள்ளே வளைந்து வளைந்து போகும் சுவர்களை விரித்தால் எவ்வளவோ வரும். அதன் உள்மூலைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறொரு கூட்டம் குடியிருந்து நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். பெரிய ஃபில்டர் பெட்டியை நாம் பட்டியலிலிருந்து அடிப்பது இந்தத் துணிச்சலில்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த கல், கடல் நீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்த்தார். 1961இல் அதைப் பற்றி எழுதவும் செய்தார். மற்ற நாடுகளில் ஆர்வலர்கள் கடல் மீனை உயிரோடு வைத்திருக்கவே திணறிக்கொண்டிருந்த காலம் அது. பணம் இருந்தவர்கள் கருவி வாங்கினார்கள், அவர் கல்லை நம்பினார். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

ஆனால் அவரைப்போல நாம் கடலில் கல் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். 2001இல் கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. யாராவது கடல் உயிர்கள் ஒட்டிய கல்லை லைவ் ராக் என்று மலிவாகக் கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

கல்லை நாமே செய்துகொள்ளலாம். சிமெண்ட் ஒரு பங்கு என்றால் கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் தூளும் கல் உப்பும் சேர்ந்து நாலு பங்கு. கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்துக் கோணல் மாணலாக வார்த்து, இறுகியதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து ஓட்டை விழும். ஒரு மாதமோ அதற்கு மேலோ தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். சிமெண்டின் காரம் இறங்கி பிஹெச் 8.5க்குக் கீழே வரும்வரை தொட்டிக்குள் விடக்கூடாது. அவசரக்காரர்கள் கடையில் செராமிக் கல் வாங்கிக்கொள்ளலாம், வேலை ஒன்றுதான்.

அடுத்து தண்ணீர். மெரினாவில் குடம் குடமாக மொண்டு வரலாமே என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். கூவமும் அடையாறும் அந்தக் கரையோரம்தான் கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் உப்பும் குறைந்துவிடும். வேண்டாம். சமையல் உப்பும் உதவாது, அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் பொட்டாசியம், சல்பேட் போன்றவையும் உண்டு. மீன் கடையில் மரைன் சால்ட் என்று கேட்டு வாங்க வேண்டியதுதான். லிட்டருக்கு 35 கிராம் என்பது கணக்கு. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 88 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக 75 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழாய் விற்கிறது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருப்பதெல்லாம் பாசிக்குத்தான் விருந்து. சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அந்தப் பெட்டிக்குள் டி.டி.எஸ். கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. குடிக்க ருசி வேண்டும் என்று வடித்த தண்ணீரில் வடிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. சர்வீஸ் செய்ய வருபவரிடம் அதை மூடித்தரச் சொல்லலாம். ‘காப்பர்’ என்று விளம்பரம் செய்யும் பெட்டியாக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், செம்புக் குடத்தில் பிடித்து வைத்ததும் வேண்டாம். நமக்கு நல்லது என்று சொல்லப்படும் தாமிரம் நத்தைக்கும் பவளத்துக்கும் மிகச் சிறிய அளவிலேயே விஷம்.

இப்போது தொட்டியை அசையாத மேசையில் வைத்து, கல்லை அடுக்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, தண்ணீரைச் சுழற்ற ஒரு வேவ் மேக்கர் போட்டாயிற்று. மீன்? இன்னும் இல்லை. சந்தையில் வாங்கிய உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா வரும், அதைத் தின்ன பாக்டீரியா வரவேண்டும். பாலில் ஒரு ஸ்பூன் பழைய தயிரை விட்டு உறை ஊற்றுகிறோமே, அதேதான்: ஏற்கெனவே கடல் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு துண்டுக் கல்லோ ஒரு கைப்பிடி மணலோ கேட்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் தயிர் விடிவதற்குள் தோய்ந்துவிடும், இது அப்படியில்லை. இந்த பாக்டீரியா ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். நாலு வாரம், ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். சோதனைக் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் தெரிந்தால் ஃபில்டர் பிறந்துவிட்டது என்று பொருள்.

கைச்செலவுக்கும் இந்தக் காத்திருப்பு நல்லது. முதல் மாதம் தொட்டியும் உப்பும் கல்லும். அடுத்த மாதம் சோதனைக் கிட். விளக்கை இப்போது வாங்கவே வேண்டாம், பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. வெறும் தொட்டியில் விளக்கைப் போட்டால் பாசிதான் செழிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் குவிப்பவர்தான் அதிகம் செலவழிக்கிறார், மீனையும் அதே நாளில் வாங்குவதால் இரண்டு தடவை செலவழிக்கிறார்.

தண்ணீர் தினம் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் சில வாரத்தில் தொட்டி கடலைவிடக் கரித்துப்போகும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் தினம் எவ்வளவு ஊற்றுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. வற்றும்போது தண்ணீரின் சூடும் கூடவே போகும் என்பதால், மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன மேசை விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரை இப்படித்தான் பட்டியலிலிருந்து அடிக்கிறோம். பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம், முப்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்கத் தொடங்கும். மொட்டை மாடிக்குக் கீழே மே மாதம் கொதிக்கும் அறையில் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று போதும்.

இனி மீன். கோமாளி மீன் இரண்டு, கடையில் நெமோ என்பார்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சாகக் கேளுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும் இதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தது உருண்டைத் தீனியைத் தயங்காமல் தின்னும், கடலில் அதன் வீடான கடல் சாமந்தி இல்லாமலும் நிம்மதியாக இருக்கும். ஆணா பெண்ணா என்று கவலைப்பட வேண்டியதும் இல்லை. இவை எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும்; இரண்டில் பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். நெமோ படத்தில் வரும் நீல டோரியைக் குழந்தை கேட்டால் சமாதானம் சொல்லிவிடுங்கள். அது ஓரடி நீளம் வளரும் மீன்.

மீன்கள் ஒன்றிரண்டு மாதம் நன்றாக இருந்த பிறகு விளக்கு வாங்கி, சட்டப் பட்டியலில் வராத மென்மையான பவள வகைகளில், சோவாந்திட், காளான் பவளம் போன்றவற்றில் தொடங்கலாம். அப்போதும் பில் கேட்டு வாங்குங்கள். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் உணவு சமைத்துப் போடுகிறது, நடுத்தரமான எல்.இ.டி. விளக்கு போதுமானது.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரை விட்டால் மிச்ச நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகாது. இந்த அளவு தொட்டிக்கு, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும் யு.வி. விளக்கும் இல்லாமலே காலம் தள்ளலாம். பஞ்சு ஏதாவது வைத்திருந்தால் அதைக் குழாயடியில் அலசாதீர்கள். குளோரினில் போவது அழுக்கு மட்டுமல்ல, ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த ஃபில்டரும்தான். தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். நடுவில் ஒரு நாள் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் படியும். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வருவது அது, டயட்டம் என்ற நுண்பாசி. அதற்கு ஒரு மருந்து விற்பார்கள், வாங்காதீர்கள். நத்தை இரண்டு மூன்று விடுங்கள். தின்ன ஏதாவது இருக்கிறதே என்று அவையும் சந்தோஷப்படும்.