தோலில்லாத பெரணி

கில்லார்னி பெரணியின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். நடுவே ஒளி ஊடுருவும் பச்சைப் படலம். நல்ல கைலென்ஸ் இருந்தால் அதிலுள்ள செல்களே கட்டம் கட்டமாகக் கண்ணில் படும். நரம்பை விட்டு விலகியதும் அந்த இலையின் கனம் ஒரே ஒரு செல்தான்.

மற்ற செடிகளின் இலைக்கு மெழுகுப் பூச்சு உண்டு, மூச்சுவிட இலைத்துளைகள் உண்டு. கில்லார்னி பெரணி சேர்ந்த ஹைமனோஃபில்லேசி குடும்பத்துப் பெரணிகளின் இலையில் துளையே கிடையாது. மெழுகுப் பூச்சும் பெயரளவுக்குத்தான். தண்ணீர் இலைப்பரப்பின் வழியாகவே உள்ளே போகிறது, காற்று காய்ந்தால் அதே வழியில் வெளியேறியும் விடுகிறது. அதனால்தான் கில்லார்னி பெரணி அருவிச் சாரல் படும் பாறை இடுக்கை விட்டு நகர்வதில்லை. பெயர் அயர்லாந்தின் கில்லார்னியிலிருந்து வந்தது. அசோர்ஸ், மதீரா, கேனரித் தீவுகள் வரை அட்லாண்டிக்கின் ஈரக்காற்று படும் இடங்களில் வாழ்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் இதன் உறவுப் பெரணிகள் பாசியோடு பாசியாக மரத்தில் ஒட்டிக் கிடக்கின்றன.

இந்த அழகே அதற்கு எமனானது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரணி சேகரிப்பு ஒரு வெறியாகவே பரவியது. 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி அதற்கு ‘டெரிடோமேனியா’ என்று பெயரே வைத்தார். கில்லார்னிக்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரணியை வேரோடு பிடுங்கி விற்றார்கள். பல இடங்களில் அது அடியோடு இல்லாமல் போனது.

அதை வீட்டில் வளர்க்கும் வழியும் அதே காலத்தில்தான் பிறந்தது. லண்டன் மருத்துவர் நதானியல் வார்டின் பெரணிகள் நிலக்கரிப் புகையில் செத்துக்கொண்டிருந்தன. 1829இல் அவர் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே திரும்பியது. அந்தத் தத்துவத்தில் அவர் செய்த மூடிய பெட்டியில் கில்லார்னி பெரணி செழித்தது.

இன்றும் வளர்க்கும் முறை அதுதான். மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, அடியில் வடிகாலுக்குச் சரளை, மேலே ஸ்பாக்னம் பாசி அல்லது நுண்துளையுள்ள மணற்கல். மயிர் போர்த்திய கறுத்த வேர்த்தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது. கல்லின் மேல் படிய வைத்தால் தானே பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு கலந்த தண்ணீர் ஆகாது. மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. உரம் வேண்டாம், நேர்வெயில் அறவே கூடாது. மூடிய கண்ணாடிக்குள் காலை வெயில் பட்டால்கூட இலை வெந்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னலின் மங்கலான ஒளி தாராளம். பத்து முதல் பதினெட்டு டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சி இருக்க வேண்டும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு இது பொருந்தும். சமவெளிக் கோடைக்கு நிச்சயம் பொருந்தாது. நட்டபின் அடிக்கடி இடம் மாற்றுவது பெரிய கெடுதல். புது இலை விரிய மாதக்கணக்கில் ஆகும், விரிந்த இலையோ பல ஆண்டுகள் நிற்கும்.

காட்டிலிருந்து எடுப்பது மட்டும் கூடவே கூடாது. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது, ஐரோப்பிய ஒன்றியமும் தன் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. வளர்ப்பவர்களிடமிருந்து வேர்த்தண்டுத் துண்டு வாங்குவதே முறை. இதன் ஸ்போர்கள் பச்சையானவை, சீக்கிரம் உயிர்விடுபவை. விதைப்பதானால் உதிர்ந்த கையோடு விதைக்க வேண்டும்.

விதைத்தால் முதலில் வருவது இலை அல்ல, பச்சைக் கம்பளித் துணுக்கு மாதிரி ஒரு நூல்பின்னல். அது பெரணியின் இன்னொரு தலைமுறையான கேமீட்டோஃபைட். இனப்பெருக்கம் நடந்து இலை வராவிட்டாலும் நுண்ணிய மொட்டுகளை உதிர்த்துத் தானே பெருகிக்கொள்ளும். 1980களின் இறுதியில்தான் தாவரவியலாளர்கள் ஐரோப்பியக் குகைகளில் இதை அடையாளம் கண்டார்கள். ஜெர்மனி, லக்சம்பர்க் பாறை இடுக்குகளில், ஓர் இலைகூட முளைக்காத இடங்களில், வெளிச்சம் மிக மங்கலாகவே எட்டும் ஆழத்தில் இந்தப் பின்னல் மட்டும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறது. ஆகவே தொட்டியின் இருண்ட மூலையில் பச்சை நூலாக ஏதாவது படர்ந்தால் பாசி என்று துடைத்துவிடாமல், முதலில் லென்ஸை வைத்துப் பாருங்கள்.